சாப்பாட்டு ராமனும் மூன்றாம் நம்பர் ஃப்ரீசரும்

மார்ச் 3

மாடிச் சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கவேண்டும். ஆனால் நேற்றைய கூட்டத்தில் நீங்கள் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால் உங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இயக்குநர் உங்களைப் பசுமைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டபோது முதலில் கைதட்டியவன் நான். கை சிவக்கத் தட்டினேன். அதற்கு நீங்கள் செய்த கைம்மாறு என்ன? ஆராய்ச்சி நிலையமே கூடியிருந்த அரங்கில், சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, என் குடையைக் காட்டினீர்கள்.

ஆமாம், என் குடைதான். என் ஆய்வகத்து ஹூட்டுக்குள் விரித்து வைத்திருந்தேன். விஷப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்காக வைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டில் குடையை உலர்த்தலாமா என்று கேட்டீர்கள். அங்கே காற்று நன்றாக வருகிறது, உலர்த்தினேன். மழை என்னைக் கேட்டுக்கொண்டா பெய்கிறது? "இந்தக் கூண்டோட கண்ணாடிய நாள் முழுக்கத் திறந்து வச்சா, மூணு வீட்டுக்கு ஆகிற கரண்ட் இது ஒண்ணுக்கே போகுது. இங்க அது ஒரு குடைக்காகப் போகுது" என்று நீங்கள் சொன்னதும் அரங்கமே சிரித்தது. என் மாணவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. என் மானம் கப்பலேறிவிட்டது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி உங்களோடு பேச்சு கிடையாது. என் மகன் கட்டியிருப்பது உங்கள் மகளை. அந்த உறவுக்கு ஒரு குந்தகமும் வராது. என் மருமகள் தங்கமான பெண். யாரைக் கொண்டு பிறந்தாள் என்பதுதான் புரியவில்லை. ஆனால் ஆய்வக விஷயம் எதுவானாலும் காகிதத்தில் எழுதி, அலுவலகத் தபால் உறையில் போட்டு அனுப்புங்கள். மின்னஞ்சல் வேண்டாம். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் இயக்குநர் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் நகல் போகிறது.

இப்போது மூன்றாம் நம்பர் ஃப்ரீசருக்கு வருகிறேன். கட்டடத்துக்குக் கரண்ட் போதவில்லை, மாதக் கடைசிக்குள் கீழ்த்தளத்தில் இருக்கும் மூன்று ஃப்ரீசர்களில் ஒன்றை அணைக்கவேண்டும், மற்ற இரண்டையும் மைனஸ் எண்பதிலிருந்து மைனஸ் எழுபதுக்கு மாற்றவேண்டும் என்கிறது உங்கள் சுற்றறிக்கை. முடியாது.

அவற்றுக்குள் இருப்பது போன வாரத்து மிச்சம் மீதி அல்ல. சாப்பாட்டு ராமன் இருக்கிறான். குப்பைமேட்டு மண்ணிலிருந்து நான் பிடித்து வந்த பாக்டீரியா. பிளாஸ்டிக்கைத் தின்பவன். மற்ற பாக்டீரியாக்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிற பையை இவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். இன்னும் ஒரு வருடச் சோதனை முடிந்தால் உலகமே இவனைப் பற்றிப் பேசும். போனால் போகிறது, இன்னொருவனைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அந்தக் குப்பைமேட்டின்மேல் இப்போது பஸ் நிலையம் கட்டிவிட்டார்கள். இவன் போனால் என் பாதி ஆயுள் போனமாதிரி. மைனஸ் எண்பதுக்கு மேலே ஒரு டிகிரி சூடு ஏறினாலும் இவன் பிழைக்கமாட்டான். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
குடைக்காரன்
கீழ்த்தளம்


மார்ச் 5

கீழ்த்தளத்துச் சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பின்பக்கம் காலியாக இருந்ததால் அதிலேயே பதில் எழுதுகிறேன். உறையையும் கிழிக்காமல் பிரித்தேன். "மாடி" என்று நீங்கள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "கீழ்" என்று எழுதியிருக்கிறேன். பார்த்துப் பிரித்தால் நம் சண்டை முழுவதற்கும் இந்த ஒரு உறை போதும்.

முதலில் குடை. அது யாருடைய குடை என்று நான் மூச்சுகூட விடவில்லை. எந்த ஆய்வகம் என்றும் சொல்லவில்லை. நீங்கள்தான் எழுந்து நின்று, "அது என் குடைதான். அதுல என்ன தப்பு?" என்றீர்கள். அதுவரை பாதிப் பேர் அது என் ஆய்வகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்களாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதற்கு நான் என்ன செய்வேன்?

அடுத்து சாப்பாட்டு ராமன். அவன்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருடம் முழுவதும் அவன் தின்றது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. நீங்களே பெருமையாகக் காட்டினீர்கள். அந்தத் துண்டை அவனுக்கு ஊட்டிவிடுவதற்கு உங்கள் ஆய்வகம் ஒரே வாரத்தில் வீசியெறியும் சொட்டுக்குழாய் டிப், டியூப், தட்டு, கையுறை எல்லாமே பிளாஸ்டிக். அத்தனையையும் மூட்டை கட்டி அடுக்கினால் என் தோள் உயரத்துக்கு வருகிறது. அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். "பேசாம அந்த ராமனை இந்தக் குப்பைக்குள்ள இறக்கி விட்டுட்டா என்ன?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் சிரிக்கவில்லை. சம்பந்தி ஆயிற்றே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஃப்ரீசருக்கு வருகிறேன். ஒரு குடும்பம் நாள் முழுக்கச் செலவழிக்கும் கரண்டை ஒரு ஃப்ரீசர் குடிக்கிறது. உங்கள் மூன்றாம் நம்பர் அதற்கும் மேலே குடிக்கும், ஏனென்றால் அதன் கதவு மூடுவதில்லை. உள்ளே பனி பாறையாக வளர்ந்து கதவைத் தள்ளுகிறது. நீங்கள் அதற்கு நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்து, நாற்காலியின்மேல் பழைய ஆராய்ச்சி இதழ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். மைனஸ் எண்பது என்கிறீர்களே, அது ஃப்ரீசருக்குள் இருக்கிறதா, தாழ்வாரத்தில் இருக்கிறதா? நேற்று உங்கள் அறை வாசலைக் கடந்து போனபோது எனக்குக் கணுக்கால் விறைத்துவிட்டது.

எத்தனையோ ஆய்வகங்கள் மைனஸ் எழுபதில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகின்றன. நான் கெஞ்சியே கேட்கிறேன். அணைக்கக்கூட வேண்டாம், முதலில் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியுமா?

உங்கள் மருமகள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்டீர்கள். நேற்றிரவு போனில், "அம்மா, மாமா பாவம்மா. அந்தக் குடைய விட்டுடேன்" என்றாள். சந்தேகமே இல்லை, அவள் அப்பாவைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள்.

உங்கள்,
மாடி


மார்ச் 10

மாடிச் சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தத் தாளின் இரண்டு பக்கத்திலும் நானே எழுதப்போகிறேன். உங்களுக்கு இடம் கிடையாது.

நீங்கள் சொன்னதற்காக அல்ல, நானாகத்தான் மூன்றாம் நம்பரைத் திறந்தேன். பனியை உடைக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கொஞ்சம் மறந்திருந்தது, அவ்வளவுதான்.

முதல் தட்டில் "முக்கியம்" என்று எழுதிய பெட்டிகள். இரண்டாவதில் "ரொம்ப முக்கியம்". அதற்குக் கீழே, "இதுதான் முக்கியம், மேலே இருப்பதை நம்பாதே". ஒரு பெட்டியில், "அக்காவிடம் கேட்கவும்" என்று மட்டும் இருந்தது. எந்த அக்கா? என் ஆய்வகத்தில் அக்கா என்று கூப்பிடப்பட்டவர்கள் ஒருவரா இருவரா? அவர்களில் ஒருத்தி இப்போது மாமியாரே ஆகிவிட்டாள். தேடிப் பிடித்துப் போன் செய்தேன். "சார், அதுவா? அத அப்பவே தூக்கிப் போடச் சொன்னேனே" என்றாள்.

பின்சுவரோடு ஒட்டி ஒரு கையுறை, ஐந்து விரலும் விறைத்து, யாரோ உள்ளேயிருந்து கைகாட்டுகிற மாதிரி நின்றது. அதைப் பார்த்த மாணவன் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அடித்தட்டில் பாதி கேக். யாரோ பட்டம் வாங்கிய அன்று வெட்டியது. க்ரீம் ரோஜாவில் ஒரு இதழ்கூடக் கெடவில்லை. மைனஸ் எண்பதின் மகிமை அது. உங்கள் மைனஸ் எழுபதில் இது நடக்குமா?

ஆனால் எதையும் எறியப்போவதில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் இருந்த சாப்பாட்டு ராமன் டியூப்களை எல்லாம் எடுத்து மூன்றாம் நம்பருக்கே மாற்றிவிட்டேன். உலகத்தில் இருக்கிற அத்தனை ராமனும் இப்போது அதற்குள்தான். இனி அதை யார் அணைக்கிறார்கள் என்று ஒரு கை பார்க்கிறேன். கதவு சரியாக மூடவில்லை என்று அலாரம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயையும் அடைத்துவிட்டேன்.

நிற்க. எனக்கும் கண் இருக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சாக்கடைத் தொட்டியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நல்ல தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று குழாயோடு அண்ணாந்து பார்த்தால் அது உங்கள் ஆய்வகத்தில் போய் முடிகிறது. நேற்று நீங்கள் கூட்டத்தில் இருந்த சமயம் மாடிக்கு ஏறி வந்தேன். கொதிக்கிற திரவத்தின் ஆவியைக் குளிரவைக்க, கண்ணாடிக் குழாயைச் சுற்றிக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, நேராகச் சாக்கடைக்கு. நாள் முழுக்க. பக்கத்துச் சுவரில் உங்கள் கையெழுத்திலேயே ஒரு ஸ்டிக்கர்: "ஒரு துளியும் வீணாகக் கூடாது". அந்த ஸ்டிக்கரும் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டேன். அடுத்த கூட்டம் என்றைக்கு?

இப்படிக்கு,
கீழ்த்தளம்


மார்ச் 12

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தண்ணீர் ஓடுவதை நான் கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறேன். பழகிப் போனது கண்ணில் படாது போலிருக்கிறது. உங்கள் குடையை மட்டும் எப்படியோ பளிச்சென்று பார்த்துவிட்டேன்.

போட்டோ எடுத்தும் ஊர் முன்னால் காட்டாமல் எனக்கு மட்டும் எழுதினீர்களே, அந்த மரியாதையை நான் உங்களுக்குத் தரவில்லை. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

குழாயை மூடிவிட்டேன். ஒரு பெரிய பீப்பாய் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி, அதற்குள் சின்ன பம்ப் ஒன்றை இறக்கியிருக்கிறேன். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகாது. ரப்பர் குழாய்களின் இணைப்பில் போட இரும்பு வளையம் வாங்கலாம் என்றார்கள். எதற்குப் புதிதாக வாங்கவேண்டும்? குப்பைக்குப் போகிற கையுறைகளின் விரல்களை வளையம் வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டேன். இயக்குநரே வந்து பார்த்து, "பிரமாதம்மா" என்றார். "கையுறையை எறியாதீர், வளையமாக்குவீர்" என்று அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் ஓடப்போகும் பெரிய சோதனைக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லா ராமனையும் ஒரே ஃப்ரீசரில் அடைக்காதீர்கள். என்மேல் இருக்கும் கோபத்தை அவன்மேல் காட்டலாமா? அந்த அலாரத்தின் வாயையும் திறந்துவிடுங்கள். குழுத் தலைவியாகச் சொல்லவில்லை.

மாடி


மார்ச் 16, திங்கள் காலை

மாடிக்கு,

உங்கள் பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் என் அறையில் இருக்கிறது.

கூரையில் ஒயர் இறங்கும் ஓட்டை வழியாக வந்து, மூன்றாம் நம்பரின் பிளக்கில் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அது நின்றிருக்கவேண்டும். சனி, ஞாயிறு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. பனி மொத்தமும் உருகிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பெட்டிகள் தரையில் மிதக்கின்றன. கேக் கஞ்சியாகிவிட்டது. பழைய டியூப்கள், மூடிகள் கழன்று, எல்லாவற்றுக்குள்ளும் அந்த அழுக்குத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ராமன் டியூப் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டுகளில் தடவி வைத்திருக்கிறேன். உயிர் இருந்தால் இரண்டு மூன்று நாளில் முளைப்பான்.

பதில் எழுதவேண்டாம்.


மார்ச் 16, மாலை

சம்பந்திக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனையை ஓடவிட்டுவிட்டு நான் வீட்டுக்குக் கிளம்பியதும் கையுறை வளையம் அறுந்துவிட்டது. பம்ப் என்ன செய்யும், அதற்கு இட்ட வேலையைச் செய்தது. பீப்பாயைக் கடைசிச் சொட்டு வரை இறைத்துத் தரையில் ஊற்றியிருக்கிறது. ஒரு இரும்பு வளையம் மிச்சம் பிடிக்கப் போய் உங்கள் அத்தனை வருட உழைப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதை நானே போய்க் கிழித்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

மத்தியானம் உங்கள் மருமகள் போன் செய்தாள். "அம்மா, மாமாவோட ஃப்ரீசர்ல தண்ணி ஊத்திட்டியாமே?" என்றாள். "வேணும்னா ஊத்துவேன்?" என்று கேட்டேன். "இல்லம்மா, ஆனா மாமா இவர்கிட்ட பேசுறப்ப குரலே சரியில்லையாம். இவர் காலைலேர்ந்து எதுவும் சாப்பிடல" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, சம்பந்தி. நீங்கள் அந்த ராமனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவனைப் பிடிக்கக் குப்பைமேட்டில் முழங்கால் வரை நின்றவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியாதா?

குழுத் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நம்பரைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

மாடி


மார்ச் 19

மாடிக்கு,

தட்டுகளைப் பார்த்தேன். என்னென்னவோ முளைத்திருக்கிறது. பச்சை, மஞ்சள், ஒன்றில் ரோமம் மாதிரி. ராமன் எதிலும் இல்லை. மறுநாளே இன்னொரு முறையும் தடவி வைத்திருந்தேன். அதிலும் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். உங்களை நன்றாக நாலு வார்த்தை திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். இருந்த ராமனையெல்லாம் கொண்டுபோய் ஒரே பெட்டியில் அடைத்தது நீங்களா? அலாரத்தின் வாயை அடைத்தது நீங்களா? அடைக்காதீர்கள் என்று எழுதியவர்தான் நீங்கள். உங்களைத் திட்ட எனக்கு முழுசாக ஒரு காரணம்கூட மிச்சமில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

மாணவர்கள் என் எதிரில் நடப்பதற்கே பயப்படுகிறார்கள். இழவு வீட்டில் மாதிரி கிசுகிசுத்துக்கொள்கிறார்கள். போய்ச் சாப்பிடுங்கள் என்றால், "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்கிறார்கள். இவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று எனக்கு முன்னால் தெரியாது.

பதவியை எதற்கு விட்டீர்கள்?

கீழ்த்தளம்


மார்ச் 20, காலை

சம்பந்திக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் மேஜைமேல் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருக்கும், சுற்றிலும் ஐஸ் வைத்து. கொட்டிவிடாதீர்கள். நான்தான் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள். பேச்சு கிடையாது என்பதால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். குழுத் தலைவியானதும் முதலில் என் ஃப்ரீசரைத்தான் சுத்தம் செய்தேன். உங்களுடையது மாதிரி இல்லை, சாதாரண மைனஸ் இருபது ஃப்ரீசர். அதன் மூலையில் இந்த டப்பா கிடந்தது. மூடியில் உங்கள் கையெழுத்தில், "என்னுடையது. தொடாதே". பிள்ளைகளின் கல்யாணம் நடந்த வருடம் உங்கள் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்களே, அப்போது ஒரு வாரத்துக்கு என்று எங்கள் ஃப்ரீசரில் சில சாமான்களை வைத்தீர்கள். இதை மட்டும் எடுக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

இன்னதென்று எழுதாத எதுவும் குப்பைக்கு என்பது நான் போட்ட விதி. எறியத்தான் எடுத்துப் போனேன். குப்பைத் தொட்டி வரைக்கும் போய்விட்டேன். கையெழுத்தைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைகளில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து விலாசம் எழுதிய அந்த ராத்திரியெல்லாம் ஞாபகம் வந்தது. எறியக் கை வரவில்லை. ஒருவரும் பார்க்காத சமயத்தில் திருப்பி வைத்துவிட்டேன். விதியை மீறிய முதல் ஆள் நான்தான்.

இன்று காலை வேறொன்றைத் தேடும்போது மறுபடி கண்ணில் பட்டது. ஏதோ தோன்றித் திறந்து பார்த்தேன். உள்ளே நாலு சின்ன டியூப்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் "ராமன்".

மைனஸ் எண்பதுக்கு ஒரு டிகிரி ஏறினாலும் பிழைக்கமாட்டான் என்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. இவன் மைனஸ் இருபதில் மூன்று வருடமாகக் கிடந்திருக்கிறான். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

மாடி


மார்ச் 20, பகல்

மாடிச் சம்பந்தி அம்மாவுக்கு,

அந்த டப்பாவை நான் அடியோடு மறந்துவிட்டேன். அதுவரை இவன் வெறும் நம்பர் வைத்த பாக்டீரியா. பெயர் வைத்த முதல் நாள் எடுத்த டியூப்கள் இவை.

தடவி வைத்திருக்கிறேன். அவசரத்தில் முதல் தட்டு கீழே விழுந்துவிட்டது. இரண்டாவதை மாணவி வாங்கிக்கொண்டு, "நான் பண்றேன் சார், நீங்க உக்காருங்க" என்றாள்.

மைனஸ் இருபதில் இவன் தாங்கமாட்டான். நான் சொல்லியிருக்கிறேன், வகுப்பில் சொல்லியிருக்கிறேன், வெளிநாட்டு மாநாட்டில் மேடையேறிச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் எழுதியிருக்கிறேன். இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக, நான் சொன்னது தப்பாக இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கீழ்த்தளம்


மார்ச் 22

சம்பந்திக்கு,

என்ன ஆச்சு?

மாடி


மார்ச் 22

பொறுங்கள். மூன்று வருடம் குளிரில் கிடந்தவன் கண்விழிக்கக் கூடுதலாகச் சில நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பாராமல் யாரோ வந்து வந்து தட்டைத் திறந்து பார்ப்பதாக மாணவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் காற்றிலிருக்கும் கண்டதும் உள்ளே விழும். உங்கள் குழுவினரைக் கட்டுப்படுத்தி வையுங்கள்.

கீழ்த்தளம்


மார்ச் 23

நானா? நான் படியிறங்கவே இல்லை. திறந்து பார்ப்பது யார் என்று உங்கள் மாணவியைக் கேட்டேன். "சார்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி" என்றாள். உங்களை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாடி


மார்ச் 25

சம்பந்தி அம்மாவுக்கு,

வளர்ந்துவிட்டான்.

இன்று காலை தட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. ஓரம் நெளிந்து, நடுவில் குழிந்து. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அவனேதான். வேறு யாருக்கும் அந்த வயிறு கிடையாது. நான் அழுதேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டதாம், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாப்பிடப் போகிறேன் என்று வைத்துவிட்டான்.

ஆக, நான் முப்பது வருட அனுபவத்தில் சொல்லிவந்தது தப்பு. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விஷயத்திலும் தோற்றதில்லை. முதலாம், இரண்டாம் ஃப்ரீசர்களை மைனஸ் எழுபதுக்கு நானே என் கையால் மாற்றிவிட்டேன். இப்போதைக்கு ராமனைப் பத்து டியூப்களில் பிரித்திருக்கிறேன். பாதி என்னிடம், பாதி உங்கள் மைனஸ் இருபதில். இந்த முறை பெயர், தேதி, உள்ளே என்ன, எல்லாம் எழுதியிருக்கிறேன். எழுதாவிட்டாலும் நீங்கள் எறியமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதினேன். இனிப் பிளாஸ்டிக் தட்டு வாங்குவதையும் பாதியாகக் குறைத்து, கழுவிப் பயன்படுத்தும் கண்ணாடித் தட்டுக்கு மாறப்போகிறோம். ராமனுக்குத் தீனி குறையுமே என்றான் ஒருவன். ஊரில் இருப்பது போதும் என்றேன்.

உங்கள் ராஜினாமா விஷயமாக இயக்குநரைப் பார்த்தேன். "அந்தம்மா விலகினா நானும் குழுவிலேர்ந்து விலகிடுவேன்" என்றேன். "நீங்க குழுவிலயே இல்லையே சார்" என்றார். "அப்ப முதல்ல சேத்துக்குங்க" என்றேன். சேர்த்துக்கொண்டார். அதனால் நீங்கள் விலக முடியாது. உங்கள் கடிதத்தை அவர் மேஜையிலிருந்து நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நம்பரைத் துடைத்துக் காயவைத்தோம். எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைச் சரிசெய்துவிட்டு, "போட்டுடலாமா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். என் அறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அந்த மூன்றாம் நம்பர் லாரி மாதிரி உறுமிக்கொண்டே இருந்திருக்கிறது, அது எங்கள் காதுக்கே உறைக்காமல் போயிருக்கிறது. கவலையில் கிடந்த நாட்களில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. இன்று, சந்தோஷத்தில், வழக்கம்போல, "அந்தத் தட்டை எடுத்துட்டு வாம்மா!" என்றேன். மாணவி என் தோளுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், இங்கதான் நிக்கிறேன். கத்தாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மேலே நீங்கள் நடப்பது கேட்டது. நாற்காலியை இழுத்தீர்கள். ஏதோ ஒன்றைக் கீழே போட்டீர்கள். யாரையோ திட்டினீர்கள், வார்த்தை வார்த்தையாகக் கேட்டது, முழுவதும் நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் இருமினீர்கள். இரண்டு தடவை.

இருமலுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. வெந்நீர் எடுத்துக்கொண்டு மேலே வருகிறேன்.

உங்கள் சம்பந்தி